ஆலயக் கூடத்தில் வாரம் ஒரு காலை: மறதி நோய் உள்ளவர்களுக்குத் தன்னார்வலர்களே நடத்தும் பகல் பராமரிப்பு – முழுமையான வழிகாட்டி

மறதி நோய் (டிமென்ஷியா) உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. அவர்களுக்குக் கிடைக்காதது மூன்று மணி நேரம். வங்கிக்குப் போய்வர, தன் பல்வலிக்கு மருத்துவரைப் பார்க்க, நிதானமாகத் தலைக்குக் குளிக்க, கதவைச் சாத்திக்கொண்டு தூங்க. அந்த மூன்று மணி நேரத்தை ஒரு கிறிஸ்தவச் சபையால் வாரந்தோறும் கொடுக்க முடியும். கூடம் இருக்கிறது, நாற்காலிகள் இருக்கின்றன, ஓய்வுபெற்ற செவிலியர்களும் ஆசிரியைகளும் இருக்கிறார்கள்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் சபைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்க, எழுபது வயது மனைவி எண்பது வயது கணவரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் துவக்க விழாவை முதலில் வைத்துவிட்டு, ஆட்களையும் பயிற்சியையும் அதற்குப் பிறகு தேடுகிறார்கள். பெரும்பாலான முயற்சிகள் அதனாலேயே நின்றுபோகின்றன.

1. முதலில் பராமரிப்பவர்களைத் தேடிப் பேசுங்கள்

“எங்கள் சபையில் அப்படி யாரும் இல்லையே” என்பார்கள். 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. உங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) அந்த வயதினர் 200 பேர் என்றால், ஏறக்குறைய 15 பேர். அவர்கள் ஞாயிறு ஆராதனைக்கு வருவதை நிறுத்தியிருப்பார்கள். அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

அவர்களைத் தெரிந்தவர்கள் சபைக்குள்ளேயே இருக்கிறார்கள்: வீடு வீடாகப் போகும் சபை ஊழியர், படுக்கையில் இருப்பவர்களுக்கு நற்கருணை கொடுக்கப் போகும் குருவானவர், பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெண்கள். அவர்கள் சொல்லும் வீடுகளில் குறைந்தது ஐந்துக்காவது நேரில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு மட்டும் கொடுத்தால் யாரும் வரமாட்டார்கள். கூட்டத்தின் நடுவே கை தூக்கி “என் வீட்டில் இருக்கிறது” என்று சொல்லத் துணிகிறவர்கள் மிகக் குறைவு.

மூன்று கேள்விகள் போதும். எந்தக் கிழமை, எந்த நேரம் உங்களுக்கு உதவும்? அந்த நேரம் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? விட்டுவிட்டுப் போக எது தடுக்கிறது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் வேலைப் பட்டியல். “துணியிலேயே சிறுநீர் போய்விட்டால் யார் மாற்றுவார்கள்?” என்ற பதில் கழிப்பறையையும் மாற்றுத் துணியையும் பற்றி உங்களை யோசிக்க வைக்கும். “மாமியாரைக் கோயிலில் தள்ளிவிட்டுச் சுற்றுகிறாள் என்று நாத்தனார் சொல்வாள்” என்ற பதிலுக்கு, குருவானவர் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய் எல்லாரும் இருக்கும்போது பேசுவதுதான் மருந்து.

2. கமிட்டியில் தீர்மானமாக எழுத வையுங்கள்

வாய்வழி அனுமதி போதாது. குருவானவர் மாற்றலாகிப் போனால் வாய்ச்சொல்லும் அவரோடு போய்விடும். சேகரக் கமிட்டியிலோ, கத்தோலிக்கப் பங்கு என்றால் பங்குப் பேரவையிலோ, ஒரு பக்கக் கோரிக்கையைக் கொடுத்து மினிட் புத்தகத்தில் தீர்மானமாக ஏற்றுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கூடம், சாவி யாரிடம், கழிப்பறையைச் சுத்தம் செய்வது யார், பொறுப்பாளர்கள் இருவர் யார் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இருவர் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே பொறுப்பாளர் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடும்.

கூடம் திருமணத்துக்கு வாடகைக்கு விடப்படுகிறதா என்று பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களில் திருமணங்கள் இருக்காது, கூடம் காலியாகக் கிடக்கும். அதை நம்பி நாள் குறித்தவர்கள், ஈஸ்டர் முடிந்ததும் பந்தி மேஜைகளுக்கு நடுவே நிற்கிறார்கள். திருமணம் வந்தால் எந்த அறைக்கு மாறுவது என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். மாற்று அறை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். இடம் அடிக்கடி மாறினால் மறதி நோய் உள்ளவருக்கு ஒவ்வொரு முறையும் அது புது ஊர்.

வாரம் ஒருமுறை என்றே கேளுங்கள். மாதம் ஒருமுறை என்று கமிட்டி இறங்கி வந்தால் ஏற்காதீர்கள். மாதம் ஒருமுறை வரும் இடம் பெரியவருக்குப் பழகவே பழகாது. பராமரிப்பவராலும் அதை நம்பி எதையும் திட்டமிட முடியாது.

நேரம் காலை 10 முதல் 1 மணி. மாலை நெருங்க நெருங்க மறதி நோய் உள்ள பலருக்குப் பதற்றமும் குழப்பமும் கூடும். காலையில் உடலும் மனமும் தெளிவாக இருக்கும்.

செலவு தேநீர், பலகாரம், சோப்பு, கையுறை, சில ஆட்டோ வாடகைகள் அளவுக்குத்தான். கட்டணம் வேண்டாம். யாராவது விரும்பிக் கொடுத்தால் சபைக் கணக்கில் ரசீதோடு ஏறட்டும், தன்னார்வலர் கையில் எதுவும் வரக்கூடாது.

3. யாரை ஏற்கலாம் என்பதை முன்கூட்டியே வரையறுங்கள்

இது மருத்துவமனை அல்ல, முதியோர் இல்லமும் அல்ல. நோயின் ஆரம்ப நிலையிலும் நடு நிலையிலும் இருப்பவர்களுக்கான இடம். தானாகவோ ஒரு கை பிடித்தோ நடக்க வேண்டும். நினைவூட்டினால் கழிப்பறைக்குப் போக வேண்டும். மற்றவரை அடிக்கும் அளவுக்குக் கோபம் வராதவராக இருக்க வேண்டும். குழாய் வழியாக உணவு எடுப்பவர், படுக்கையிலேயே இருப்பவர் ஆகியோரின் வீட்டுக்கு வேறு விதமான உதவி தேவை. இதை எழுதி வைக்காவிட்டால், யாருக்கும் இல்லை என்று சொல்ல மனமில்லாமல் எல்லாரையும் சேர்த்து, இரண்டாவது மாதத்தில் தன்னார்வலர்களை இழப்பீர்கள்.

மருத்துவர் பார்த்துவிட்டாரா என்று கட்டாயம் கேளுங்கள். “வயசானால் மறதி வரத்தானே செய்யும்” என்று மருத்துவரையே பார்க்காத வீடுகள் ஏராளம். தைராய்டுக் குறை, வைட்டமின் பி12 குறைபாடு, மன அழுத்த நோய், கீழே விழுந்ததில் தலைக்குள் கசிந்த இரத்தம் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே பரிசோதனை முடிந்த பிறகே சேர்க்கை. வழி தெரியாத குடும்பத்தை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடமோ அனுப்புங்கள். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணையும் கொடுங்கள்.

வேறு சபையினருக்கும் பிற மதத்தவருக்கும் இடம் உண்டா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். உண்டு என்பதே என் கருத்து, நோய்க்கு மதம் தெரியாது. ஆனால் அப்படிச் சேர்த்தால் ஒரு உறுதி வேண்டும். தன் மனதை முழுதாகச் சொல்ல முடியாத ஒருவரிடம் மதம் பற்றிப் பேசி எதையும் ஏற்க வைக்கக் கூடாது. ஜெப வேளையில் இருக்கலாமா, தோட்டத்தில் நடக்கலாமா என்று குடும்பத்திடம் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

4. கூடத்தை அவர்கள் கண்ணால் பாருங்கள்

முதலில் கழிப்பறை. வெஸ்டர்ன் டாய்லெட்டும் சுவரில் கைப்பிடியும் இல்லாவிட்டால் அவை வரும்வரை தொடங்காதீர்கள். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் ஒருவர் தவித்தால், அந்தப் பயத்தில் மறுபடி வரவே மாட்டார். கதவில் எழுத்தோடு படமும் ஒட்டுங்கள். வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கோப்பை என்று இருந்தால் கோப்பை எங்கே என்பதே அவர்களுக்குத் தெரியாது. வேறு நிறத்தில் இருக்கை மூடி ஒன்று போட்டால் போதும்.

அடுத்து நாற்காலி. சபைக் கூடங்களில் இருப்பவை கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலிகள். பெரியவர் எழும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்துவார், வழுக்கும் டைல்ஸ் தரையில் நாற்காலி பின்னால் ஓடிவிடும். கைப்பிடி உள்ள, கனமான மர நாற்காலிகளைச் சபையாரின் வீடுகளிலிருந்து கேட்டு வாங்குங்கள்.

வாசலில் கறுப்பு மிதியடி வேண்டாம், அது அவர்களுக்குக் குழி போலத் தெரியும். காலணியைக் குனிந்து கழற்றும்போதுதான் பலர் விழுகிறார்கள், எனவே வாசலிலேயே ஒரு நாற்காலி. மைக்கைத் தொடவே தொடாதீர்கள். நான்கு பேருக்கு வணக்கம் சொல்லவும் மைக் தேடும் பழக்கம் நமக்கு உண்டு. எதிரொலிக்கும் கூடத்தில் அந்தச் சத்தம் அவர்களைக் கலங்கடித்துவிடும்.

கடைசியாக வெளிவாசல். சுற்றுச்சுவரின் கேட் எங்கே திறக்கிறது, சாலை எவ்வளவு பக்கம் என்று நடந்து பாருங்கள். பெரியவர்கள் இருக்கும் நேரம் முழுவதும் கேட்டுக்கு ஒருவர் பொறுப்பு. வெளியே பூட்டுப் போட்டு அடைப்பது தீர்வல்ல, தீப்பிடித்தால் அதுவே எமன்.

5. தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுங்கள், அழைப்பு விடுத்துக் காத்திருக்காதீர்கள்

நான்கு பெரியவர்கள் என்றால் ஆளுக்கு ஒரு துணை, சமையலறைக்கு ஒருவர், வாசலுக்கு ஒருவர், பொறுப்பாளர் ஒருவர் என ஏழு பேர். காய்ச்சலும் கல்யாணமும் வரும் என்பதால் பட்டியலில் பத்துப் பேர் வேண்டும். ஆண்களும் இருக்க வேண்டும். ஆண் பெரியவரைக் கழிப்பறைக்கு அழைத்துப்போக ஆண் தன்னார்வலர் இல்லாமல் திண்டாடும் இடங்கள் பல.

சபையில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர்கள்தான் இதற்குப் பொருத்தம் என்று நினைக்காதீர்கள். ஒரே கதையைப் பத்தாவது முறையும் முதல் முறை கேட்பது போலக் கேட்பவர், பேச்சில்லாமல் பக்கத்தில் அமர்ந்திருக்கத் தெரிந்தவர் வேண்டும். வாலிபர் சங்கப் பிள்ளைகள் மிக நன்றாகச் செய்கிறார்கள். அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசையோ திருத்தும் ஆசையோ இல்லை.

மூன்று மாதம் வருவேன் என்ற உறுதியைக் கேளுங்கள். “முடிந்தபோது வருகிறேன்” என்பவர்களைச் சமையலறைக்கு வைத்துக்கொள்ளலாம், துணையாக அமர்த்த வேண்டாம். முகமும் குரலும் பழகுவதில்தான் பெரியவரின் நிம்மதி இருக்கிறது.

சில விதிகளை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பூட்டிய அறையில் பெரியவரோடு யாரும் தனியாக இருக்கக் கூடாது. பணம், நகை, பத்திரம், கைநாட்டு எதிலும் தலையிடக் கூடாது. பரிசு வாங்கக் கூடாது. மாத்திரை கொடுக்கக் கூடாது, அது வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. கடைசி விதியைத்தான் நல்லவர்கள் நல்ல எண்ணத்தோடு மீறுகிறார்கள். ஊரே மதித்த ஒரு தலைமையாசிரியை வாயோரம் வழிய அமர்ந்திருக்கும் படம் சபைக் குழுவில் வந்துவிட்டால், அந்தக் குடும்பத்தின் நம்பிக்கையை மீட்க முடியாது.

6. பயிற்சி: இரண்டு சனிக்கிழமை மாலைகள்

முதல் மாலையில் நோயைப் பற்றி. மனநல மருத்துவரையோ அனுபவமுள்ள செவிலியரையோ அழையுங்கள். அல்சைமர் மட்டுமே மறதி நோய் அல்ல என்பது இங்கே தெரிய வேண்டும். பக்கவாதத்தால் வரும் வகையில் நிலைமை ஒரே சீராக அல்லாமல், படிக்கட்டில் இறங்குவது போலத் திடீர் திடீரென்று மோசமாகும். லூயி பாடி வகையில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். மூளையின் முன்பகுதியில் தொடங்கும் வகையில், ஞாபகம் ஓரளவு நன்றாக இருந்தும் நடத்தை மாறிவிடும். அவரைத் திமிர் பிடித்தவர் என்று ஊர் சொல்லும்.

அதே மாலையில் இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசித் தீர்த்துவிடுங்கள். “பிசாசு பிடித்திருக்கிறது”, “முன்னோர் செய்த பாவம்”, “விசுவாசம் இருந்தால் ஞாபகம் திரும்பும்” என்று சொல்பவர்கள் சபைகளில் உண்டு. நோய் மூளையில் இருக்கிறது. இதைக் குருவானவர் தன் வாயால் சொல்ல வேண்டும், தன்னார்வலர் சொன்னால் எடுபடாது. களைத்துப்போய் வரும் மருமகளிடம் இவற்றில் ஒரு சொல் விழுந்தாலும் அவர் திரும்பி வரமாட்டார்.

இரண்டாவது மாலை முழுக்கப் பேச்சுப் பழக்கம். இருவர் இருவராக அமர்ந்து நடித்துப் பார்க்க வேண்டும், கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும் வராது.

“என்னைத் தெரிகிறதா? நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்” என்ற கேள்வியை ஒழித்துக்கட்டுங்கள். நம் ஊரில் பாசத்தோடு கேட்கப்படும் கேள்விதான், பெரியவருக்கு அது தேர்வு. தோற்றுப்போவது அவர் முகத்திலேயே தெரியும். “ஆச்சி, நான் ஜெயா. உங்களோடு பூத்தொடுக்க வந்திருக்கிறேன்” என்று சொல்லித் தொடங்குங்கள். ஆசிரியராக இருந்தவரை “சார்” என்றும் “டீச்சர்” என்றும் அழையுங்கள். ஆச்சியா, அண்ணாச்சியா, ஐயாவா என்பதைக் குடும்பத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் மறந்தவருக்கும் தான் அழைக்கப்பட்ட விதம் மறப்பதில்லை.

இறந்துபோன கணவர் எங்கே என்று ஆச்சி கேட்டால் “அவர்தான் போய்விட்டாரே” என்று திருத்தாதீர்கள். அந்தச் செய்தி அவருக்கு ஒவ்வொரு முறையும் புதிது, ஒவ்வொரு முறையும் அழுவார். “அவரைத் தேடுகிறதோ? உங்களுக்கு என்ன வாங்கி வருவார்?” என்று அவரைப் பற்றிப் பேச விடுங்கள். பொய் சொல்லத் தேவையில்லை, அவசரமாக உண்மையைச் சொல்லவும் தேவையில்லை.

“வீட்டுக்குப் போக வேண்டும்” என்பதற்கும் இப்படித்தான். வாதாடாதீர்கள், “இப்போதுதானே வந்தீர்கள்” என்று சொல்லாதீர்கள். எழுந்து அவரோடு வளாகத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு, “ஒரு மணிக்கு மகள் வருவாள். அதுவரை எனக்கு இந்த மொச்சையை உரிக்கக் கொஞ்சம் கைகொடுங்கள்” என்று கேளுங்கள். சிறுநீர் முட்டுவதையும் சிலர் இதே சொற்களில்தான் சொல்வார்கள் என்பதால், முதலில் கழிப்பறைப் பக்கம் நடத்திப் பாருங்கள்.

7. சேர்க்கும் முன் வீட்டுக்குப் போங்கள்

பொறுப்பாளரும் துணையாக இருக்கப்போகும் தன்னார்வலரும் சேர்ந்து போக வேண்டும். தன் வீட்டு நாற்காலியில் இருக்கும் பெரியவரைப் பார்த்தால்தான் அவர் யார் என்று தெரியும். ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வேலை பார்த்தார், எந்த ஊரில் வளர்ந்தார், எதைப் பார்த்தால் பயம், எதற்குச் சிரிப்பார், கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட், சர்க்கரை, ஒவ்வாமை, கடைசியாக எப்போது விழுந்தார், சிறுநீர் வந்தால் எப்படித் தெரிவிப்பார், கூப்பிட வேண்டிய இரண்டு செல்பேசி எண்கள்.

குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியவையும் உண்டு. தங்கச் சங்கிலி, வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு அனுப்பட்டும். தொலைந்தால் சந்தேகம் தன்னார்வலர் மீது விழும். ஐயாவுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டி நல்லது, அவிழ்ந்து காலில் சிக்காது. அம்மாவுக்குப் புடவை கட்ட முடியவில்லை என்பதற்காகவே கூட்டிவராத மகள்கள் உண்டு. நைட்டியில் வந்தாலும் மேலே ஒரு துண்டு போட்டால் போதும் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். மாற்றுத் துணி ஒரு பையில், பெயர் எழுதி.

நோய் முற்றும்போது இந்த இடம் போதாமல் போகும் என்பதையும் இப்போதே சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் தள்ளிவிடுவது போலாகும்.

8. மூன்று மணி நேரத்தை அமைக்கும் விதம்

ஒழுங்கு வாரந்தோறும் ஒரே மாதிரி இருக்கட்டும். வரவேற்பும் தேநீரும், கை வேலை, பாட்டு, நடை, சாப்பாடு, மெதுவான அரைமணி, விடைபெறுதல். புதுமை வேண்டும் என்று வாரம் ஒரு நிகழ்ச்சி வைப்பவர்கள் களைத்துப்போவார்கள். பெரியவர்களுக்கும் அது வேண்டாம்.

எல்லாரும் ஒரே மாதிரிப் பெயர் அட்டை அணியுங்கள், தன்னார்வலரும்தான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரில், மெதடிஸ்ட் ஆலயம் ஒன்றில் 2012இல் தொடங்கிய இத்தகைய பணியில் இதுவே வழக்கம். உள்ளே வருகிற அந்நியர் யார் நோயாளி, யார் துணை என்று பிரித்துப் பார்க்க முடியாது. நோயாளி என்ற அட்டை இல்லாத மூன்று மணி நேரமும் அவர்களுக்கு ஓய்வுதான்.

கை வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும். குழந்தைகளின் வண்ணப் புத்தகத்தைக் கொடுத்து ஓய்வுபெற்ற தாசில்தாரை உட்கார வைப்பது அவமரியாதை. ஞாயிறு பள்ளிக்கான காகிதங்களை அடுக்குதல், காணிக்கை உறைகளை மடித்தல், பூத்தொடுத்தல், கீரை ஆய்தல், மொச்சை உரித்தல் என்று சபைக்குத் தேவையானதையே செய்ய வையுங்கள். குருத்து ஞாயிறுக்கு முந்தைய வாரம் குருத்தோலையைக் கொடுத்துப் பாருங்கள். மகளின் பெயரைச் சொல்ல முடியாத ஆச்சி, ஓலையை விரலால் ஒருமுறை நீவி, நுனியைக் கிழித்து, மடித்து, குறுக்கே செருகிச் சிலுவையாக்கிவிட்டு அடுத்த ஓலைக்குக் கை நீட்டுவார். ஆண்டுக்கணக்கில் பழகிய கைவேலை தங்கியிருக்கும் மூளைப் பகுதிகளை அல்சைமர் தாமதமாகவே தொடுகிறது. ஆனால் “எப்படிச் செய்கிறீர்கள், எனக்குச் சொல்லிக்கொடுங்கள்” என்று நடுவில் கேட்காதீர்கள். சொல்லப் போனால் கை நின்றுவிடும்.

பாட்டும் அப்படியே. சிறுவயதிலும் வாலிபத்திலும் பாடியவைதான் கடைசிவரை நிற்கும். புதிய ஆராதனைப் பாடல்களைக் கிட்டாரோடு பாடினால் பெரியவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பழைய கீர்த்தனையை, மெதுவான தாளத்தில், கொஞ்சம் தாழ்ந்த சுருதியில் எடுங்கள், அவர்கள் குரலுக்கு எட்ட வேண்டும். பாட்டுப் புத்தகத்தைக் கையில் திணிக்க வேண்டாம். பிற மதத்தவர் இருந்தால் பழைய திரைப்பாடல்களும் தாலாட்டும் சேரட்டும்.

9. சாப்பாட்டில் கவனம்

விழுங்கும் ஆற்றல் நோயோடு குறைகிறது, புரையேறுவது உண்மையான ஆபத்து. முறுக்கு, கடலை, சீடை, உலர்ந்த புட்டு வேண்டாம். சாம்பாரில் ஊறிய இட்லி, குழைவான பொங்கல், நன்கு பழுத்த வாழைப்பழம் போதும். சர்க்கரை உள்ளவர் யார் என்பது சமையலறைச் சுவரில் எழுதியிருக்கட்டும்.

நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரம் படுக்கக் கூடாது. வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி பலருக்குத் தெரியாது, வாழையிலையே சிறந்தது. தேநீரைத் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள், சூடு என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். சாப்பாடு எல்லாருக்கும் சைவமாக இருந்தால் யாருடைய வழக்கத்தையும் விசாரிக்கத் தேவையில்லை.

10. அவசரம் வந்தால் யார் என்ன செய்வது

சுவரில் ஒரே ஒரு தாள். விழுந்தவரைச் சட்டென்று தூக்காதீர்கள். வலி எங்கே என்று பார்த்து, எழ முடியாவிட்டால் 108. தலையில் அடிபட்டிருந்தால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குத்தான். புரையேறினால் செய்யும் முதலுதவி ஒவ்வொருவருக்கும் கைப்பழக்கமாக வேண்டும். ஒருவர் காணாமல் போனால் ஒருவர் கேட்டுக்கும் இருவர் சாலையின் இரு திசைக்கும் ஓட, பொறுப்பாளர் உடனே குடும்பத்தைக் கூப்பிட வேண்டும். சில நிமிடத் தேடலில் கிடைக்காவிட்டால் காவல்துறைக்கு 112. “நாமே தேடிக்கொள்வோம், குடும்பம் பயந்துவிடும்” என்று தாமதிப்பதுதான் பெருந்தவறு.

போன வாரம் நன்றாக இருந்தவர் இந்த வாரம் திடீரென்று கலங்கியோ மயங்கியோ இருந்தால் “நோய் கூடிவிட்டது” என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் பொதுவாக ஓரிரு நாளில் அப்படி முற்றுவதில்லை. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர் வற்றல், மலச்சிக்கல், புதிய மாத்திரை என்று வேறு காரணம் இருக்கும். அன்றே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

11. முதல் வாரங்கள்

பேனரும் வேண்டாம், துவக்க விழாவும் வேண்டாம். கூட்டமும் மாலையும் புகைப்படமும் அவர்களுக்கு ஆகாது. இரண்டு பெரியவர்களோடு ஒரு காலை, பிறகு மூன்று, பிறகு நான்கு.

கொண்டுவந்து விடும் நேரம்தான் கடினமானது. பராமரிப்பவர் போகமாட்டார். ஓரமாக அமர்ந்து, கணவர் இருமும்போதெல்லாம் எழுந்து வருவார். முதல் வாரம் அவரும் இருக்கட்டும். அடுத்த வாரம் அரைமணி நேரம் கடைக்குப் போய்வரட்டும். அதற்கடுத்த வாரம் பகல் ஒரு மணி வரை வெளியே. இந்தப் படியை இரக்கப்பட்டு நீட்டாதீர்கள். ஒரு மாதம் கழித்தும் அவர் கூடத்திலேயே இருந்தால் உங்கள் வேலை இன்னும் தொடங்கவில்லை. “போய்த் தூங்குங்கள். ஏதாவது என்றால் நான் கூப்பிடுவேன்” என்று செல்பேசியை எடுத்துக் காட்டி அனுப்புங்கள்.

திரும்பி வரும்போது வாசலில் வைத்து இரண்டு வரி சொல்லுங்கள்: என்ன சாப்பிட்டார், கழிப்பறைக்குப் போனாரா, எதற்குச் சிரித்தார். “ரொம்பத் தொந்தரவு செய்தார்” என்று பெரியவர் காதுபடச் சொல்லாதீர்கள். பிரச்சினை இருந்தால் மாலையில் தொலைபேசியில்.

எல்லாரும் போன பிறகு தன்னார்வலர்கள் கால்மணி நேரம் உட்காருங்கள். ஒரு நோட்டில் அன்றைக்கு நடந்ததை எழுதுங்கள். பிறகு ஏற்பாடு கைமாறினாலும் அந்த நோட்டு வழிகாட்டும்.

12. போகிறவர்களும் வருகிறவர்களும்

ஒரு பெரியவருக்கு இந்த இடம் போதாது என்ற நிலை வரும். தொடர்ந்து மூன்று வாரம் இரண்டு பேர் தேவைப்பட்டால், அல்லது விழுங்குவது கடினமானால், பொறுப்பாளர் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும். வாசலில் நின்று சொல்லும் செய்தி அல்ல அது. அதற்குப் பதிலாக என்ன செய்யப்போகிறோம் என்பதோடு போங்கள்: வாரம் ஒருமுறை ஒரு தன்னார்வலர் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்காருவார், பராமரிப்பவர் தொடர்ந்து கூடத்துக்கு வந்து மற்றவர்களோடு தேநீர் குடிப்பார்.

பராமரிப்பவர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேச மாதம் ஒருமுறையாவது இடம் கொடுங்கள். எந்தப் பிரசங்கமும் இல்லாமல், யாரும் தலைமை தாங்காமல். தன் மாமனார் தன்னையே திருடி என்று சொன்னதை ஒரு மருமகள் சொல்ல, எதிரில் இருப்பவர் “என் வீட்டிலும்” என்று சொல்லும்போது குறையும் பாரம், எங்கள் விளக்கத்தால் குறைவதில்லை. தூக்கமில்லாமலும் உடைந்தும் இருப்பவருக்கு 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுங்கள்.

பெரியவர் இறந்த பிறகு அந்தக் குடும்பத்தார் தன்னார்வலராக வர விரும்புவார்கள். அவர்களைப் போல இந்த வேலையை அறிந்தவர் யாரும் இல்லை. ஆனால் சில மாதம் கழியட்டும். அதுவரை சமையலறையிலோ வாசலிலோ நிற்கட்டும்.

வாரத்தில் இரண்டாவது நாளும் தொடங்கச் சொல்லிக் கேட்பார்கள். முதல் நாளுக்கான பட்டியலில் ஒருவர் கூடக் குறையாமல், புதிதாகப் பத்துப் பேர் பயிற்சி முடித்திருந்தால் தொடங்குங்கள். இருப்பவர்களையே இரண்டு நாளும் நிறுத்தினால் இரண்டு நாளும் போய்விடும்.